ரெக்கார்டு நோட்டு எழுதினால் கம்ப்யூட்டர் வந்துவிடுமா?



பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து என் போனுக்கு ஓய்வே இல்லை. "ஏனுங்க டீச்சர், பையனைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கட்டுங்களா, ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸில் சேர்க்கட்டுங்களா?" என்று ஒருவர். "அத்தை, மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஒரு சீட் இருக்குதாம், நாளைக்குள்ள பணம் கட்டணுமாம், கட்டிரலாமா?" என்று இன்னொருவர். தனித்தனியாகப் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழக்கம்தானே.

சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் நான்கு வருடம் கம்ப்யூட்டர் படித்து வாங்குகிற பட்டம், கம்ப்யூட்டரில் வேலை செய்யக் கற்றுக்கொடுப்பதில்லை. பாடத்திட்டம் பழசு என்பார்கள். அது சின்னக் காரணம். செய்து பார்க்க வேண்டிய நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்து எழுத வைக்கிறார்களே, அதுதான் பெரிய காரணம். இதைத் தெரிந்துகொண்டு சேர்த்துவிடுங்கள், நான் தடுக்கவில்லை. தெரியாமல், பாடப்பிரிவின் பெயரை மட்டும் நம்பி, காட்டை அடமானம் வைக்காதீர்கள்.

"நீங்க ஒன்றியப் பள்ளி டீச்சர், டிப்ளமோ படிச்சவங்க, இன்ஜினியரிங் காலேஜைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று சொந்தத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொண்டதா, கற்றுக்கொண்ட மாதிரி நடிக்கிறதா என்பதை முப்பத்து நான்கு வருடம் பார்த்தவள் நான். அதற்கு இன்ஜினியரிங் பட்டம் தேவையில்லை.

அந்த டிப்ளமோவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வைத்துத்தான் பேசப் போகிறேன். இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி. உளவியல், கல்வித் தத்துவம் என்று புத்தகப் படிப்பும் இருந்தது. ஆனால் எங்களை ஆசிரியர் ஆக்கியது கற்பித்தல் பயிற்சி. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். கையில் பாடக்குறிப்பு, நாமே அட்டை வெட்டிச் செய்த துணைக்கருவி, எதிரே நாற்பது பிள்ளைகள், கடைசி பெஞ்சில் எங்கள் விரிவுரையாளர் நோட்டும் பேனாவுமாக. பாடக்குறிப்பில் "மாணவர்கள் ஆர்வத்துடன் விடை கூறுவர்" என்று எழுதியிருப்போம். அங்கே ஒருத்தன் ஜன்னல் வழியாக ஆட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த நாற்பது நிமிடத்தில் கற்றது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பாடக்குறிப்பை அழகாக எழுதியதற்கு மட்டும் மதிப்பெண் போட்டு எங்களை அனுப்பியிருந்தால், உங்களில் ஒருவருக்கும் நான் கழித்தல் கணக்குக் கூடச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

பிறகு செயல்வழிக் கற்றல் வந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2007-08-இல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை கொண்டுவந்தார்கள். உங்களில் இளையவர்களுக்கு நினைவிருக்கும். ஏணிப்படி, அட்டைகள், தரையை ஒட்டின கரும்பலகை, மேலே கம்பிப்பந்தலில் நீங்கள் வரைந்த படங்கள். அதில் குறைகள் இருந்தன, நாங்களே முணுமுணுத்தோம். ஆனால் அதன் அடிப்படை சரி. பிள்ளை தானே எடுத்து, தானே செய்து, முடியாவிட்டால் கேட்டு, அடுத்த படிக்குப் போக வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கு இது தேவை என்று அரசாங்கம் கண்டுபிடித்தது. அதே குழந்தை பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் போனதும் என்ன செய்கிறது தெரியுமா? ரெக்கார்டு நோட்டு எழுதுகிறது.

படிக்காத பெற்றோருக்காக விளக்குகிறேன். ரெக்கார்டு என்பது ஆய்வகத்தில் செய்த ஒவ்வொரு பயிற்சியையும் எழுதி வைக்கும் கெட்டி அட்டை நோட்டு. நோக்கம், வழிமுறை, நிரல், விடை என்று வரிசையாக எழுத வேண்டும். கடைசியில் ஒரு வரி. "தஸ் த புரோகிராம் வாஸ் எக்ஸிகியூட்டட் சக்சஸ்ஃபுல்லி." அதாவது நிரல் வெற்றிகரமாக ஓடியதாம். ஓடியதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். அந்த சீனியர் அவனுடைய சீனியரைப் பார்த்து எழுதியவன். எங்கோ ஒருவன் ஒரு அரைப்புள்ளியை விட்டிருந்தால் அது ஐந்து வருடம் அப்படியே வரும். கையெழுத்து நன்றாக இருந்தால் மதிப்பெண். என் அண்ணன் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தபோது ராத்திரி பதினொரு மணிவரை இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். "இந்த புரோகிராம் என்ன பண்ணும் கண்ணு?" என்று கேட்டேன். "தெரியல பாட்டி, நாளைக்கு சைன் வாங்கணும்" என்றாள். நாங்கள் இதற்கு இம்போசிஷன் என்று பெயர் வைத்திருந்தோம். தப்பு செய்தவனுக்குத் தண்டனையாகக் கொடுப்போம். கல்லூரியில் இதையே பாடமாகக் கொடுக்கிறார்கள்.

பாடத்திட்டத்தில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பேத்தியிடம் வாங்கிப் பார்த்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில், சிவில், மெக்கானிக்கல் உட்பட எல்லாப் பிரிவுக்கும் முதல் பருவத்திலேயே பைத்தான் ஆய்வகம் இருக்கிறது. வாரத்துக்கு 4, மொத்தம் 60 பாடவேளை. பயிற்சிகளும் நல்லவை. மின்கட்டணம் கணக்கிடுவது, வாக்காளர் வயதைச் சரிபார்ப்பது, மதிப்பெண் 0 முதல் 100-க்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, கடைசியில் பந்து துள்ளுகிற ஒரு விளையாட்டு செய்வது. இதைப் போட்டவர் யாரோ, நல்ல ஆசிரியர். வாக்காளர் வயதை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையிடம் விட்டால் முதலில் 18 என்று போட்டுப் பார்க்கும், சரி என்று வரும். அடுத்து 17. அப்புறம் விஷமத்துக்கு மைனஸ் ஐந்து என்று போடும். இருநூறு என்று போடும். எண்ணுக்குப் பதிலாக எழுத்தில் "பதினெட்டு" என்று அடிக்கும், நிரல் படுத்துவிடும். ஏன் படுத்தது என்று தேடுகிற அந்தக் கால் மணி நேரம்தான் படிப்பு. ரெக்கார்டில் என்ன இருக்கும்? 18 என்று போட்டால் தகுதி உண்டு, 16 என்று போட்டால் தகுதி இல்லை. இரண்டே விடை, அதுவும் சீனியருடையது.

தேர்வு இன்னும் வேடிக்கை. சீட்டுக் குலுக்கிக் கேள்வி எடுக்க வேண்டும். பதினைந்து நிரலை மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள், செய்யுள் மாதிரி. வராத சீட்டு வந்தால் ஆய்வக உதவியாளர் கையில் காலில் விழுந்து மாற்றிக்கொள்வார்கள். இன்னும் சில இடங்களில் டர்போ சி என்ற நீலத் திரையில்தான் செய்முறை நடக்கிறது என்கிறார்கள். அது 1990-களின் தொடக்கத்து மென்பொருள். சி பிளஸ் பிளஸ் மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வந்ததே 1998-இல். இன்றைய கம்ப்யூட்டரில் அது நேரடியாக ஓடக்கூட ஓடாது, பழைய டாஸ் மாதிரி நடிக்கிற இன்னொரு மென்பொருளைப் போட்டு அதற்குள் ஓட்டுகிறார்களாம். நம் ஊர் சந்தைக்குப் போக மாட்டு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தால் கூட ஏதாவது பயன் உண்டு.

அப்புறம் கடைசி வருட புராஜெக்ட். பெரிய ஊர்களில் பேருந்து நிலையத்தைச் சுற்றி அண்ணாந்து பார்த்தால் போதும், "ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்து தரப்படும்" என்று பலகை தொங்கும். தலைப்பு, நிரல், அறிக்கை, அச்சடித்துக் கட்டிய புத்தகம், விளக்கப் படங்கள் எல்லாம் ஒரே விலை. வாய்மொழித் தேர்வில் என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதற்கும் ஒரு மணி நேரப் பயிற்சி உண்டு. நான்கு பேர் சேர்ந்து பணம் போட்டு வாங்குவார்கள். நான்கு வருடத்தில் தன் கையால் ஒன்றைச் செய்யக் கிடைத்த ஒரே பெரிய வாய்ப்பையும் கடையில் வாங்கிவிட்டு, பிறகு இன்டர்வியூவில் "உன் புராஜெக்டில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டால் எச்சில் விழுங்குகிறார்கள்.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சங்கத்தில் 214 பேர். பெயர், பி.பி.ஓ. எண், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் எக்செல்லில் இருக்கிறது, பல வருடமாகப் பல பேர் அடித்துச் சேர்த்தது. 80 வயது முடிந்தவர்களுக்கு ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வரும். அந்த வருடம் யார் யாருக்கு 80 முடிகிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். நடக்க முடியாத பெரியவர்கள், ஒரு மாதம் தள்ளினாலும் அவர்களுக்கு நஷ்டம். உறவில் ஒரு பையன், பி.சி.ஏ. மூன்றாம் வருடம், எல்லாத் தாளிலும் முதல் வகுப்பு. அவனிடம் கொடுத்தோம். தங்கமான பையன், முகம் சுளிக்காமல் உட்கார்ந்தான். ஒவ்வொரு பெயராகப் பார்த்து, போன் கால்குலேட்டரில் வயதைக் கழித்து, ஒரு தாளில் பேனாவால் குறித்தான். இரண்டு நாள் ஆனது. மூன்று பேர் விட்டுப்போனார்கள்.

அதே பென்டிரைவை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு முனையில் இருக்கும் இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற பெண் பிளஸ் டூ வரைதான். அவள் கணக்குப் போட ஆரம்பிக்கவே இல்லை. முதலில் பிறந்த தேதி வரிசையை மேலிருந்து கீழே பார்த்தாள். "டீச்சர், இதுல பாதி தேதி மாதிரி இருக்குது, ஆனா தேதி இல்லீங்க. புள்ளி வெச்சு அடிச்சிருக்காங்க. இதை கம்ப்யூட்டர் வெறும் எழுத்துன்னு நினைச்சுக்கும்" என்றாள். அதைச் சரிசெய்தாள். பக்கத்தில் ஒரு வரிசை சேர்த்து ஒரு சூத்திரம் போட்டாள், வடிகட்டினாள். கால் மணி நேரம். இதெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டேன். "படிக்கலீங்க டீச்சர். தினமும் சர்டிபிகேட்டுக்கு வர்றாங்க, தேதி தப்பா போட்டா அப்ளிகேஷன் திரும்பி வந்துரும், அவங்க என்னைத் திட்டுவாங்க."

அந்தப் பையனை நான் குறை சொல்லவே இல்லை. முதல் பருவத்தில் அவனுக்கு எம்.எஸ். ஆபீஸ் ஆய்வகம் இருந்திருக்கிறது. அதற்கும் ரெக்கார்டு எழுதியிருக்கிறான். ஸ்டார்ட் பொத்தானை அழுத்து, ஆல் புரோகிராம்ஸ் போ, எக்செல்லைத் திற என்று பேனாவில், சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு. பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அவனைத் திட்ட ஒருவரும் இல்லாமல் போனார்களே. அவன் செய்த தப்பு திரும்பி வந்து அவன் கதவைத் தட்டவே இல்லை.

இது என் ஒருத்தியின் அனுபவம் என்று தள்ளிவிடாதீர்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்து இப்போது ஐ.டி.யில் இருக்கிற பிள்ளைகள் இருபதுக்கும் மேல். அவர்களில் பல பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதத்தில் உனக்குத் தெரியாமல் தடுமாறியது எது? பதில்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு ஒத்துப்போயின.

அடுத்தவர் எழுதியதைப் படிக்கத் தெரியவில்லை என்றார்கள் நிறையப் பேர். கல்லூரியில் எல்லா நிரலும் வெற்றுப் பக்கத்தில் ஆரம்பித்து முப்பது வரியில் முடிந்துவிடும். வேலையில் லட்சக்கணக்கான வரிகள் ஏற்கெனவே இருக்கும், எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அதில் ஒரு வரியை மாற்ற வேண்டும். அடுத்தது கிட் என்ற கருவி. லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கியது. எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்று பதிந்து வைக்கும், தப்பாகிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஒருத்தி விளக்கியபோது எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுதான். அதில் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது, மேலெழுதக் கூடாது, சிவப்பு மையில் அடித்துத் திருத்தி தலைமையாசிரியர் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். பள்ளி எழுத்தர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைக் கற்றுக்கொள்வார். நான்கு வருடம் கம்ப்யூட்டர் படித்தவள் சம்பளம் வாங்கிய பிறகுதான் முதல்முறை கேள்விப்பட்டிருக்கிறாள்.

பிழைச் செய்தியைப் படிக்கும் பழக்கமே இல்லை என்றான் ஒருவன். சிவப்பில் ஏதாவது வந்தால் கல்லூரியில் கையைத் தூக்க வேண்டும், யாராவது வந்து சரிசெய்துவிட்டுப் போவார்கள். எந்த வரியில், என்ன தப்பு என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கிறது என்பது அவனுக்கு வேலையில்தான் தெரிந்ததாம்.

இன்னொருத்தி சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்லூரியில் பயிற்சிக்குக் கொடுக்கும் தகவல்கள் எல்லாம் குளித்துப் பவுடர் போட்டு வந்திருக்கும் என்றாள். நிஜத்தில் நம் ஆட்கள் இன்ஷியலை முன்னால் போடுவார்கள், பின்னால் போடுவார்கள், புள்ளி வைப்பார்கள், வைக்க மாட்டார்கள். கடைசிப் பெயர் கட்டாயம் என்று படிவம் கேட்கும், நமக்கோ கடைசிப் பெயரே கிடையாது. ஒரே போன் நம்பரை மாமியாரும் மருமகளும் கொடுத்திருப்பார்கள். இதை எல்லாம் சமாளிக்கிற நிரல்தான் வேலை.

நிறுவனங்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். இன்ஃபோசிஸ் மைசூரில் 300 ஏக்கருக்கும் மேற்பட்ட வளாகம் கட்டி, பட்டம் வாங்கி வருகிறவர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறது. படிப்பு கற்றுக்கொடுத்திருந்தால் அதற்கு அந்தச் செலவு எதற்கு? இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கம்ப்யூட்டர் படித்தவனையும், மெக்கானிக்கல் படித்தவனையும், சிவில் படித்தவனையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள், சேர்த்துத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள். கொஞ்ச மாதத்தில் எல்லோரும் ஒரே மாதிரி மேசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். என்னிடம் படித்தவர்களிலேயே இரண்டு பேர் சிவில். அப்படியானால் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயருக்காக நீங்கள் கூடுதலாகக் கொட்டிக்கொடுக்கிற லட்சங்கள் எதை வாங்கின? ஸோஹோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இலிருந்து பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, தாங்களே சொல்லிக்கொடுத்து வேலையில் வைத்துக்கொள்கிறார்கள். எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யாது, எல்லாப் பிள்ளைக்கும் அந்த இடம் கிடைக்காது. ஆனால் நான்கு வருடப் பட்டம் இல்லாமலும் கை பழகும் என்பதற்கு இருபது வருடச் சாட்சி அது.

அரசாங்கமே ஒத்துக்கொண்ட விஷயம்தான். 2022 மார்ச்சில் நான் முதல்வன் திட்டம் வந்ததே எதற்காக? கல்லூரிக்குள் இருக்கிற பிள்ளைக்கு வேலைத் திறனைத் தனியாகக் கொண்டுபோய் ஊட்ட வேண்டியிருக்கிறது என்பதால்தானே. நல்ல திட்டம். அந்தச் சான்றிதழையும் இன்னொரு ரெக்கார்டு நோட்டாக மாற்றாமல் இருந்தால் சரி.

இது நம் ஊர் நோய் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. இருக்கிறதே, உலகத்திலேயே பெரிய படிப்பாளிகள் இருக்கும் இடம், அங்கேயே 2020 ஜனவரியில் மூன்று ஆய்வு மாணவர்கள் சேர்ந்து ஒரு வகுப்பு நடத்தினார்கள். பெயரே "விடுபட்ட பருவம்" என்ற பொருளில். கட்டளை வரியில் வேலை செய்வது, கிட், பிழை கண்டுபிடிப்பது போன்ற கைவேலைகளை எந்தப் பாடமும் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிடுகிறது என்று சொல்லி நடத்தினார்கள். காணொளிகள் இலவசமாக இணையத்தில் இருக்கின்றன. அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பிள்ளைகள் ஆய்வகத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எதையாவது உடைத்துச் செய்துகொண்டிருப்பார்கள், அதனால் விடுபட்டதைத் தானே பிடித்துக்கொள்வார்கள். இங்கே நாலரை மணிக்குக் காலேஜ் பஸ் கிளம்பிவிடும். ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியை மாட்டிவிடுவார்கள்.

இப்போது எதிர்ப்பக்கம் கத்துகிறவர்களிடம் வருகிறேன். "பட்டமே வேஸ்ட், மூன்று மாதத்தில் ஃபுல் ஸ்டாக், நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று யூடியூபில் கூவுகிறவர்களை நான் கல்லூரிக்காரர்களை விடக் குறைவாகத்தான் நம்புகிறேன். ஒரு பழைய மாணவனின் தம்பி அப்படி ஒரு இடத்தில் அறுபதாயிரம் கட்டினான். அங்கேயும் அதே கதை. சார் திரையில் அடிப்பார், இவன் பார்த்து அடிப்பான், கடைசியில் எல்லோரிடமும் ஒரே மாதிரி ஒரு ஷாப்பிங் வெப்சைட். ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டத்துக்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்கள் பல பட்டம் இல்லாத விண்ணப்பத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. வங்கி ஐ.டி. அதிகாரி வேலைக்கு வேண்டும், அமெரிக்க ஹெச்1பி விசாவுக்கு வேண்டும். அதையும் தாண்டி, தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், வலையமைப்பு, கணக்கு இவையெல்லாம் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறவை இல்லை. கருவி மாறும்போது இதைப் படித்தவன் சீக்கிரம் பிடித்துக்கொள்வான் என்று அனுபவப்பட்ட பிள்ளைகள் சொல்கிறார்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் பயிற்சியில் உளவியல் எப்படியோ அப்படி. ஆனால் உளவியலை மட்டும் எழுதிவிட்டு வகுப்புக்குள் போக எங்களை விடவில்லையே.

இதில் விரிவுரையாளர்களைத் திட்டுவது சுலபம். நான் திட்ட மாட்டேன். பல தனியார் கல்லூரிகளில் அவர்கள் வாங்குகிற சம்பளம் என் ஓய்வூதியத்தை விடக் குறைவு. பல இடங்களில் அசல் சான்றிதழை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒரு மென்பொருள் அலுவலகத்தின் வாசலைக் கூட மிதிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள் நிறைய. அட்மிஷன் காலத்தில் ஆள் பிடித்து வரச் சொல்லி ஊர் ஊராக அனுப்புகிறார்கள். இருபது மாணவருக்கு ஒருவர் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்டது நினைவிருக்கும், ஒரே பேராசிரியரின் பெயர் பல கல்லூரிக் கணக்கில் இருந்தது. இருக்கிற கல்லூரியிலேயே ஆள் இல்லை. அதே 2024-25-இல் பொறியியல் இடங்களுக்கு இருந்த உச்சவரம்பையும் ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. சிவில், மெக்கானிக்கல் வகுப்பறைகளை எல்லாம் கம்ப்யூட்டர் வகுப்பாக மாற்றுகிறார்கள். பலகையை மாற்றலாம், சொல்லிக்கொடுக்கிறவரை எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

சாட்ஜிபிடி வந்த பிறகு இனிமேல் நிரல் எழுதவே தேவையில்லை என்கிறார்கள். எனக்கு அது பற்றி அதிகம் தெரியாது. ஒன்று மட்டும் கண்ணால் பார்த்தேன். முன்பு சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினார்கள், இப்போது போனைப் பார்த்து எழுதுகிறார்கள். எழுதித் தந்தது சரியா தப்பா என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அது உதவும்.

சரி, என்ன செய்வது? கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் கட்டடத்தையும் ஏ.சி. அரங்கத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பிளேஸ்மென்ட் போஸ்டரில் சிரிக்கிற முகங்களையும் விடுங்கள். ஆய்வகம் சாயங்காலம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். விடுதிப் பிள்ளைகளாவது ராத்திரி உள்ளே போகலாமா என்று கேளுங்கள். மூன்றாம் வருடப் பிள்ளை ஒருத்தரைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயாகச் செய்ததில் ஏதாவது ஒன்றைக் காட்டு கண்ணு" என்று சொல்லுங்கள். ரெக்கார்டைக் காட்டினால் புரிந்துகொள்ளுங்கள். போனைத் திறந்து, அரைகுறையாக ஓடுகிற ஏதோ ஒன்றைக் கண் மின்னக் காட்டினால் அந்தக் கல்லூரியில் ஏதோ இருக்கிறது. புராஜெக்ட் வெளியில் வாங்கினால் அனுமதிப்பீர்களா என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள், முகத்தைப் பாருங்கள்.

கவுன்சலிங்கில் கிடைக்கிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்-ஆஃப் குறைந்துபோய் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை என்றால் எலக்ட்ரிக்கலோ மெக்கானிக்கலோ சேர்ந்து, கம்ப்யூட்டரைக் கையால் பழகுகிற பிள்ளை பின்தங்கிப் போகாது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு நன்கொடை கேட்பது சட்டப்படியே குற்றம், அதற்கு நம் மாநிலத்தில் 1992-லேயே சட்டம் இருக்கிறது. ரசீது இல்லாமல் கேட்கிற பணத்துக்கு நகையைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு நல்ல லேப்டாப்பும் வீட்டுக்கு நெட் இணைப்பும் வாங்கிக்கொடுங்கள். வாங்கிக்கொடுத்துவிட்டு, பிள்ளை அதில் எதையாவது கெடுத்துவைத்தால் கத்தாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வேலை தருகிறேன், நான் டீச்சர்தானே. காலேஜ் திறக்க இரண்டு மாதம் இருக்கிறது. ஊரில் உண்மையான ஒரு ஆளுக்கு உண்மையான ஒரு கணக்கைச் செய்துகொடு. பால் சொசைட்டியில் தினம் ஊற்றுகிற பால் கணக்கு, மாமாவின் லாரி டீசல் கணக்கு, கோயில் வரி வசூல். காசு வாங்காதே. அவர் அதைப் பயன்படுத்தி, தப்பு வந்து, உன்னைக் கூப்பிட்டுத் திட்டுகிற வரைக்கும் விடாதே. ஓய்வூதியர் சங்கத்துக்கு என்னிடமே ஒரு வேலை இருக்கிறது. உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டிய மாதம் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு, மறந்துபோகிறார்கள். முந்தின மாதமே பெயர்ப் பட்டியல் வருகிற மாதிரி ஒன்று வேண்டும். செய்ய விரும்புகிற பிள்ளை ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வரலாம், டிபன் உண்டு.

ஐ.டி.யில் இருக்கிற என் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியில் கற்காமல் வேலையில் நீங்கள் முதலில் கற்றது எது என்று பின்னூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒன்றாவது எழுதுங்கள். இங்கே படிக்கிற பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அது என் பதிவை விட உதவும். கல்லூரியின் பெயரைப் போட வேண்டாம், வீண் வம்பு. நான் சொன்னது தப்பு என்று நினைக்கிறவர்களும் எழுதுங்கள். முக்கியமாக, உண்மையாகவே ஆய்வகத்தில் செய்து பார்த்துப் படித்தவர்கள் யாராவது இருந்தால், அங்கே அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், எழுத்துப் பிழைக்கு இந்த முறை மார்க் குறைக்க மாட்டேன்.